கல் கொட்டுவதா, தூண் நடுவதா, விட்டுவிடுவதா? திருகோணமலைக் கரைக்கு ஒரு முன்கணக்கு

எங்கள் கரையில் ‘பாடு’ என்ற சொல்லுக்கு மூன்று வேலை. விடியப்புறம் வள்ளம் வந்து சேர்ந்ததும் “மீன்பாடு எப்படி?” என்று கேட்பார்கள். கரைவலை வளைக்க உரிமையுள்ள கரைத்துண்டுக்குப் பெயர் வலைப்பாடு. இரண்டும் கைவிட்டுப் போனால் வருவது மூன்றாவது பாடு. அதற்கு விளக்கம் தேவையில்லை.

கடலில் மண் கொட்டி நிலமாக்குவதைப் பற்றி யார் பேச வந்தாலும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் நான் கேட்பேன். கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் என்பதால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறது: “தம்பி, கொழும்பில செஞ்ச மாதிரி நாளைக்கு இஞ்சையும் கடலை நிரப்ப வந்தா, நாங்கள் ஓம் எண்டுறதா, ஏலாது எண்டுறதா?” கேட்பவர்கள் பெரும்பாலும் மாமா முறையானவர்கள், ஒற்றைச் சொல்லில் பதில் எதிர்பார்ப்பவர்கள். என்னிடம் ஒற்றைச் சொல் இல்லை. நான்கு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் நனைகிறவர் வேறு, காய்கிறவர் வேறு. அதை எழுதி வைத்துவிடுவோம் என்றுதான் இது.

இப்போது யாரும் திட்டத்தோடு வந்து நிற்காதபோது ஏன் எழுத வேண்டும்? வந்த பிறகு நேரம் கிடைக்காது. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் நிரப்பவும் கட்டவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். பெரிய வேலையென்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்பார்கள். அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் கிடைக்கும். அந்த 30 நாள் சீசனில் விழுந்தால் ஆம்பிளைகள் முழுக்கக் கடலில் நிற்பார்கள். வாடைக்காலத்தில் விழுந்தால் வீட்டுக்குள் வெள்ளமும் நகைக்கடையில் அடகும். நூற்றுக்கணக்கான பக்கமுள்ள ஓர் அறிக்கையை அந்த இடைவெளியில் யார் வாசிப்பது?

ஆகவே ஒரு கற்பனைத் திட்டத்தை வைத்துப் பார்ப்போம். திருகோணமலையின் கொட்டியாரக் குடாவின் உட்கரையில் எங்கோ ஓரிடத்தில் 5 ஹெக்டேயர் கடலை நிலமாக்கப் போகிறார்கள். அதில் இறங்குதுறை, ஐஸ் ஆலை, குளிரறை, ஏலக் கொட்டகை, லொறித் தரிப்பிடம். (இடம் மிஞ்சினால் ஒரு ஹோட்டலும் வரும். எந்தத் திட்டத்திலும் ஹோட்டலுக்கு மட்டும் இடம் மிஞ்சிவிடுகிறது.) 5 ஹெக்டேயர் என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், கரையோர வலயத்துக்கு வெளியேயும் நீளும் வேலையென்றால், 4 ஹெக்டேயருக்கு மேல் நிலம் நிரப்புவது மதிப்பீடு கட்டாயமான திட்டங்களின் பட்டியலில் வருகிறது. 3.9 என்று யாராவது கொண்டுவந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

அந்த 5 ஹெக்டேயரில் இப்போது யார் இருக்கிறார்கள்

வரைபடத்தில் அது வெறும் நீலம். நேரில் போய் நின்றால் ஒரு நாளில் எத்தனை பேர் அதைப் பாவிக்கிறார்கள் என்று தெரியும். விடிய மூன்று மணிக்கு அவுட்போர்ட் மோட்டார் பூட்டிய பிளாஸ்டிக் வள்ளங்கள் வெளிக்கிடுகின்றன. ஐந்தரைக்குக் கரைவலைக்காரர். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் விட்டு, வள்ளத்தில் போய் வளைத்து, மறு கயிற்றைத் தூரத்தில் கரை சேர்ப்பார்கள். பிறகு இருபது முப்பது பேர் இரண்டு பக்கமும் நின்று மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். இழுப்பவர்களில் பாதிப்பேருக்குச் சொந்தமாக ஒரு துடுப்பும் கிடையாது. மடி கரைக்கு வந்தபின் கிடைக்கும் பங்குதான் அவர்களின் நாள்.

வெயில் ஏறியதும் பெண்களின் நேரம். சூடை, கீரி போன்ற சிறு மீன்கள் மலிந்தால் ஏலத்தில் எடுபடாதது கருவாட்டுக்குப் போகும். அதைக் காயவைக்க மணல் வேண்டும், காற்று வேண்டும், நாய் வராத தூரம் வேண்டும். தண்ணீர் வற்றும் நேரத்தில் இன்னும் சிலர் முழங்காலளவு சேற்றில் மட்டி பொறுக்குவார்கள். என் மாமியும் அதில் ஒருத்தி. மாலையில் அதே மணலில் வலை பொத்துவார்கள், பிள்ளைகள் பந்து அடிக்கும், கிழவர்கள் கவிழ்த்த தோணியில் குந்தியிருந்து காற்றைப் பார்த்து நாளைக்குக் கடல் எப்படி என்று சொல்வார்கள். சீசனில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வருகிறவர்களின் வாடிகளும் (தற்காலிகக் குடில்கள்) இந்தக் கரைகளில் உண்டு. அவர்களோடு எங்களுக்குப் பழைய மனத்தாங்கல்கள் இருக்கின்றன. அது வேறு கதை. கணக்கில் அவர்களும் வரவேண்டும்.

தண்ணீருக்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆழம் குறைந்த, புல் முளைத்த, கண்டல் ஓரத் தண்ணீர்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் தொட்டில். மகாவலி மூதூர்ப் பக்கத்தால் குடாவுக்குள் கொண்டுவந்து விடும் சேறும் சத்தும் சும்மா போவதில்லை. நிரப்புவதற்கு மலிவான இடம் எதுவென்று பொறியியலாளரைக் கேளுங்கள், ஆழம் குறைந்த இடம் என்பார். மீன் எங்கே குஞ்சு வளர்க்கும் என்று மாமாவைக் கேளுங்கள், அவரும் அதே இடத்தைத்தான் காட்டுவார்.

முதல் வழி: நிரப்புவது

இதற்கு ஆதரவான வாதத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் இளம் பொடியன்களில் பலர் இதற்குத்தான் கைதூக்குவார்கள். வாடைக்காற்றில் வள்ளத்தை மணலில் ஏற்றி இறக்கி முதுகு உடைந்தவர்கள் அவர்கள். ஐஸ் இல்லாமல் ரெஜிபோம் பெட்டியில் மீன் இளகும்போது, லொறிக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருபவர்களும் அவர்கள்தான். நல்ல துறையும் குளிரறையும் வந்தால் விலையை இரண்டு நாள் பிடித்து வைக்கலாம். இது ஆசை காட்டல் மட்டும் இல்லை, நடக்கக்கூடியது.

ஆனால் நிரப்ப மண் எங்கே? 5 ஹெக்டேயர் என்றால் 50,000 சதுர மீற்றர். சராசரி ஆழம் 4 மீற்றர், தண்ணீருக்கு மேல் 3 மீற்றர் உயரம் என்று வைத்தால் 350,000 கனமீற்றர். எங்கள் பாஷையில், 3 கியூப் டிப்பரில் ஏறக்குறைய 8.5 கனமீற்றர் பிடிக்கும். 41,000 டிப்பருக்கு மேல். நாளுக்கு 100 டிப்பர் ஓடினாலும் ஒரு வருடமும் ஒன்றரை மாதமும், ஒரு நாள் லீவில்லாமல். மகாவலியின் கீழ்ப்பகுதியில் மணல் அள்ளுவதைப் பற்றி ஏற்கனவே இருக்கும் சண்டையை நினைத்துப் பாருங்கள். ஆற்றில் அள்ளினால் கரைக்கு வரவேண்டிய மணல் குறையும். கடலடியில் உறிஞ்சினால் மீன் தங்கும் இடம் குலையும், கலங்கல் பரவும்.

கடலை நிரப்பி எழுப்பிய கொழும்புத் துறைமுக நகரத்திலிருந்து நாங்கள் கற்க வேண்டியது இதைத்தான். 2014 செப்டம்பரில் தொடங்கி, 2015 இல் நிறுத்தி, 2016 இல் மீண்டும் தொடங்கி, 2019 ஜனவரியில் மணல் நிரப்பி முடித்தார்கள். 269 ஹெக்டேயர். போன மணல் சுமார் 65 மில்லியன் கனமீற்றர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மீற்றருக்கு 24 கனமீற்றர். நிலம் முளைத்தது காலிமுகத்துக்குப் பக்கத்தில். உண்ணாவிரதம் இருந்தவர்கள் அதற்கு வடக்கே நீர்கொழும்பு மீனவர்கள். மணல் அவர்களின் கடலில் இருந்து போனது. எங்கே கொட்டுகிறார்கள் என்று மட்டும் கேட்கும் சங்கம் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறது.

திருகோணமலையில் இன்னொரு சிக்கல். உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்குப் பின்னால் கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. குடாவுக்குள்ளேயே தலை வைத்து, வெளிக்கடலில் ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. சரிவுக்குப் பக்கத்தில் கொட்டும் மணல் நகரத் தொடங்கினால் திரும்பி வராது. கரையோரத் தட்டையான இடம் குறுகல் என்பதும் அதன் மறுபக்கம். மேற்குக் கரையில் ஒரு துண்டு போனால் பக்கத்துத் துண்டுக்கு வலையைத் தள்ளி வைக்கலாம். இங்கே பல இடங்களில் தள்ளி வைக்கத் துண்டு இல்லை.

கல்லணை போட்டால் கரை எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. தெற்கே பஸ் ஏறினால் ஒலுவில். 2013 இல் திறந்த துறைமுகம். தெற்கிலிருந்து வடக்கே ஓடிக்கொண்டிருந்த மணலை அணை மறித்தது. மணல் துறைமுகத்தின் வாயில் வந்து குந்திக்கொண்டது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையை அரித்துத் தென்னைகளைத் தின்றது. மீனவருக்கென்று கட்டிய துறைக்குள் மீனவரால் போகவும் முடியாது வரவும் முடியாது என்ற நிலை வந்தது. குடாவுக்குள் அலை குறைவு, அதனால் அந்தளவு வராது என்பார்கள். உட்கரையில் அது ஓரளவு உண்மை. சல்லி, நிலாவெளி, குச்சவெளி போன்ற திறந்த கரைகளில் இதே பேச்சு வந்தால் நான் ஒலுவிலைத்தான் காட்டுவேன்.

நிரப்புவதில் சொல்லாமல் விடப்படும் பாதிப்பு ஒன்று உண்டு. கரைவலைப்பாடு ஒன்றின் நடுவில் நிலம் முளைத்தால், மிஞ்சிய இரண்டு துண்டிலும் வலை வளைக்க முடியாது. ஐந்து ஹெக்டேயர் போனது என்று அறிக்கை எழுதும். போனது முழுப் பாடு.

இரண்டாவது வழி: தூண் நட்டுக் கட்டுவது

அதே இறங்குதுறையைத் தூண்களின் மேல் கட்டலாம். குளிரறையும் லொறியும் தரையில் நிற்கட்டும், கடலுக்குள் போவது ஒரு நீண்ட மேடை மட்டும். தண்ணீர் அடியால் ஓடும், மணலும் ஓடும். தூண்களில் பாசியும் சிப்பியும் ஒட்டும், அதைத் தேடி மீன் வரும். பாலத்தடியில் தூண்டில் போட்ட எவருக்கும் இது தெரியும். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தபோது பாதைப் படகுக்காகக் காத்திருந்த காலம் முடிந்தது, அடியால் தோணியும் போகிறது. அந்த இடத்தை மண் போட்டு மூடியிருந்தால் உள்ளே இருக்கும் தம்பலகாமக் குடாவின் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செலவு கூடத்தான். உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும், பராமரிப்புக்கு வருடா வருடம் காசு ஒதுக்க வேண்டும். எங்கள் நாட்டில் திறப்பு விழாவுக்கு இருக்கும் காசு துரு சுரண்ட இருப்பதில்லை. தூணில் வலை சிக்கும். தூணை இறக்கும்போது எழும் அதிர்வுக்கு மீன் கொஞ்சக் காலம் விலகி நிற்கும். ஆனால் இவை திரும்பச் சரிசெய்யக்கூடியவை. பிழைத்துப்போனால் மேடையைக் கழற்றலாம். கொட்டிய 41,000 டிப்பரை யாரும் திரும்ப அள்ளப்போவதில்லை.

இங்கே பேரம் பேச வேண்டியது தூண்களுக்கு இடையிலான அகலம். மும்பையில் கரையோர வீதிக்காக வொர்லிப் பக்கத்தில் பாலம் கட்டியபோது, இரண்டு தூண்களுக்கு நடுவில் 60 மீற்றர் போதும் என்றார்கள். அந்தக் கரையின் கோலி சமூக மீனவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அலை அடிக்கும் நாளில் அந்த இடைவெளிக்குள் படகை நேராகப் பிடிக்க முடியாது என்பது அவர்களின் வாதம். வருடக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் ஓரிடத்தில் இடைவெளி 120 மீற்றராக மாறியது. அவர்கள் கேட்டது அதைவிடக் கூட. இருந்தாலும் ஒரு தூணை வரைபடத்திலிருந்து எடுக்க வைத்தார்கள். எங்கள் தேவை அத்தனை பெரிய அகலம் இல்லை. வள்ளம் எந்தக் காற்றில் எந்தப் பக்கம் சரியும் என்பதைப் பொறியியலாளருக்குச் சொல்லக்கூடியவர் கரையில்தான் இருக்கிறார், அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும். சங்கத் தலைவரை மட்டும் கூப்பிட்டால் தேநீரும் பட்டிஸும்தான் மிஞ்சும்.

மூன்றாவது வழி: கடலைத் தொடாமல் இருப்பதைத் திருத்துவது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துறைமுக அதிகார சபையின் கணக்கில் திருகோணமலைத் துறைமுக நீர்ப்பரப்பு 1,630 ஹெக்டேயர், தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கொட்பேயில் ஏற்கனவே மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஐஸும் குளிரறையும் ஏலக் கொட்டகையும் தரையில் கட்டக்கூடியவை, அவற்றுக்குக் கடல் எதற்கு? ஒவ்வொரு ஊர்க் கரையிலும் ஒரு சிறிய ஐஸ் அறை, வள்ளம் இழுக்க ஒரு வின்ச், வெளிச்சம், கழிவறை. இதைக் கேட்டால் “சின்ன வேலை” என்று முகம் சுளிப்பார்கள். சின்ன வேலைக்கு நாடா வெட்ட அமைச்சர் வரமாட்டார் என்பதுதான் இதன் பெரிய குறை.

இன்னொரு குறையை மறைக்கக் கூடாது. தரையும் இங்கே சும்மா கிடப்பதில்லை. துறைமுகத்துக்கென்று முன்பு ஒதுக்கிய காணியில் பயிர் செய்துவந்த முத்துநகர் விவசாயிகள் 2025 இல் சூரிய மின் திட்டங்களுக்காக வயலை இழந்து தெருவுக்கு வந்தார்கள். கடலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிப் பாரத்தை இன்னொருவன் வயலில் இறக்கினால் அது எங்களுக்கு அழகில்லை. எந்தக் காணி என்பதையும் கேட்க வேண்டும்.

நான்காவது வழி: காசை வாங்கிக்கொண்டு விலகுவது

இதைத்தான் மாமாமார் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். “எப்பிடியும் செய்யத்தான் போறாங்கள். கூடக் கேட்டு வாங்குவம்.” எனக்கு இதில் கோபம் வருவதில்லை. போர் முடியும்வரை தொழிலுக்குப் போகப் பாஸ், நேரக் கட்டுப்பாடு, தடைசெய்த கடல். சம்பூர் மக்கள் 2006 இல் இடம்பெயர்ந்து பத்து வருடத்துக்குக் கிட்ட முகாம்களில் இருந்தார்கள். கேட்டு எதுவும் நடந்து பார்க்காத சனம், கிடைப்பதை எடுப்போம் என்று நினைப்பது இயல்பு.

ஆனாலும் கணக்குப் பார்ப்போம். துறைமுக நகரத் திட்டத்தில் மீனவருக்கான வருமான உதவி என்று 500 மில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். கேட்கப் பெரிய தொகை. அதை நீர்கொழும்புக் கரை முழுவதுக்கும், இனிவரும் வருடங்கள் எல்லாவற்றுக்கும் பிரித்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் கைக்கு என்ன வரும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். நட்டஈடு எப்போதும் பதிவேட்டைப் பார்த்து நடக்கும். பதிவேட்டில் இருப்பது வள்ளத்தின் இலக்கமும் அதன் சொந்தக்காரரும். கயிறு இழுத்தவன் அதில் இல்லை. கருவாடு போட்டவள் இல்லை. மட்டி பொறுக்கியவள் தொழிலாளி என்றே யாரும் எழுதி வைக்கவில்லை.

மொத்தமாக வரும் காசின் குணமும் எங்களுக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு பார்த்தோம். முதல் மாதம் கடன் அடைபடும். இரண்டாம் மாதம் மோட்டார் சைக்கிள். ஆறாம் மாதம் சாராயத் தவறணையில் கூட்டம் கூடும், வீட்டில் அடி விழும். வருமானம் போனதைவிட, விடியற்காலை எழும்பிப் போக ஓரிடம் இல்லாமல் போனதுதான் அந்த ஆண்களைக் குலைத்தது என்று நான் நினைக்கிறேன். பெண்களுக்கு இன்னொரு விதம். தன் கையில் ஓடிக்கொண்டிருந்த சில்லறை நின்று, பிள்ளையின் கொப்பிக்கும் புருசனிடம் கை நீட்ட வேண்டியிருக்கும்.

இடமாற்றமும் இந்த வழிக்குள் ஒளிந்திருக்கும். 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். தெற்கில் அது 100 மீற்றர். பிறகு தளர்த்தினார்கள். அதற்கிடையில் உள்ளே தள்ளிக் கொடுத்த வீடுகளுக்குப் போனவர்கள் என்ன செய்தார்கள்? கரையில் வாடி போட்டுத் திரும்பி வந்தார்கள். மோட்டாரையும் வலையையும் கண்பார்வையில் வைத்திராமல் எவனும் நித்திரை கொள்ளமாட்டான். கடல் சத்தம் கேட்காத வீட்டில் காற்று மாறியது எப்படித் தெரியும்? நல்ல வீடுதான், கூரையும் ஒழுகாது. தொழிலுக்குத் தூரம்.

ஆளாளுக்கு எது தோது

வெளிக்கடலுக்குப் போகும் பலநாட்கலத்தின் முதலாளி ஒருவரைக் கேட்டால் முதல் வழியைத் தேர்வார். அவருக்குக் கரை என்பது மீனை இறக்கும் இடம்; மீன் பிடிபடுவது வெகு தூரத்தில். அவர் சொல்வதில் பிழையில்லை, அவரின் கணக்குக்கு அது சரி. ஒருநாள் வள்ளக்காரனுக்கு இரண்டாவது வழி பொருந்தும், அகலம் சரியாக இருந்தால். கரைவலைக்காரனுக்கு முதல் வழி தொழிலுக்கு வைக்கும் கொள்ளி. இரண்டாவதுகூட அவனுடைய வலைப்பாட்டுக்கு வெளியே இருந்தால்தான். பெண்களுக்கு மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மேல், ஏனென்றால் மணலும் சேறும் அப்படியே இருக்கும், ஐஸும் வரும். கடலுக்குப் போக விருப்பமில்லாத இருபது வயதுப் பொடியனுக்கு? அவன் முதல் வழியில் ஒரு காவலாளி வேலையைக் காண்பான். அதையும் ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை, ஆனால் 5 ஹெக்டேயருக்கு எத்தனை காவலாளி வேண்டும்?

என் தெரிவைச் சொல்கிறேன். மூன்றாவது வழியை முதலில் கேட்க வேண்டும், எழுத்தில், திட்டம் எதுவும் வருவதற்கு முன்பே. கடலுக்குள் போயே ஆக வேண்டும் என்றால் தூண். நிரப்புவதற்கு உட்கரையில்கூட நான் கையெழுத்து வைக்கமாட்டேன். திறந்த கரையில் பேச்சுக்கே இடமில்லை. நான்காவது வழி தனியே ஒரு தெரிவாக இருக்கக் கூடாது, மற்றவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் நிபந்தனையாக இருக்கலாம்: காசு ஒரே தடவையில் வேண்டாம், தொழில் மீளும்வரை வருடா வருடம், வள்ளத்துக்கு இல்லை, ஆளுக்கு, பெண்ணின் பங்கு அவள் பெயரிலேயே.

“அரசாங்கம் நினைச்சா நாங்கள் என்ன செய்யிறது?” என்பவர்களுக்கு இரண்டு செய்தி. எப்பாவலவில் பொஸ்பேற் தோண்டும் திட்டத்துக்கு எதிரான வழக்கில் 2000 ஆம் ஆண்டு நாட்டின் உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகக் காவலில் வைத்திருக்கிறது என்ற கருத்தை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டவர்கள் அந்த ஊர்ச் சாதாரண மனிதர்கள். மற்றது மலேசியாவின் பினாங்கு. எங்கள் ஆட்களும் நிறைய வாழும் அந்தத் தீவின் தெற்குக் கரையில் மூன்று செயற்கைத் தீவுகள் கட்டுவதாக இருந்தது. மீனவர்கள் வருடக்கணக்கில் விடவில்லை. 2023 இல் அது ஒரு தீவாகச் சுருங்கியது. முழு வெற்றி என்று சொல்லமாட்டேன், அந்த ஒன்றும் அவர்களின் கடலில்தான் வருகிறது. ஆனால் மூன்று ஒன்றானது வாய் திறந்ததால்.

வாய் மட்டும் போதாது, கையில் தாளும் வேண்டும். “இந்த இடத்தில் மீன் குறைவு” என்று அறிக்கை சொன்னால், இல்லை என்று காட்ட எங்களிடம் என்ன இருக்கிறது? ஆகவே போன மாதம் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, கோடு போட்டு, கரையில் ஏல மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். திகதி, வள்ளம், வலை, என்ன மீன், எத்தனை கிலோ, விலை. முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் தன் வள்ளத்தின் இலக்கம் பிழை என்று திருத்த வந்தார். வரியிலிருந்து தப்பப் பாதிக் கிலோ எழுதியவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொன்னேன், “அண்ணை, குறைச்சு எழுதினா நட்டஈடும் குறைச்சுத்தான் வரும்.” அதற்குப் பிறகு சிலர் கூட்டி எழுதத் தொடங்கிவிட்டார்கள். இப்போது தராசு பார்த்து எழுதுகிறோம்.

நேற்று மாமி ஓலைப் பெட்டியில் மட்டியோடு வந்து கொப்பியை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும், கண்ணாடிதான் இல்லை. “இதில நான் எங்க?” என்று கேட்டாள். வள்ளம் என்று ஒரு பத்தி, வலை என்று ஒரு பத்தி. அவளிடம் இரண்டும் இல்லை. அடிமட்டம் எடுத்து ஓரத்தில் இன்னொரு கோடு போட்டு, மேலே ‘கை’ என்று எழுதினேன். மட்டி, இரண்டரைக் கிலோ. பெயரையும் போடு என்றாள், போட்டேன்.